தூக்கம், உணவு, உடல் எடை: ஜவ்வாது மலை வளரிளம் பருவத்தினர் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

10 முதல் 14 வயது வரையிலான சிறாரிடம் காணப்படும் மிகை எடையை வீட்டில் உணவு மிகுந்திருப்பதன் அடையாளமாகவோ அவர்களது ஒழுங்கின்மையின் விளைவாகவோ கொள்ளலாகாது என்பதும், உணவுப் பாதுகாப்பின்மை, தூக்கக் குறைவு, மிகை எடை ஆகிய மூன்றையும் சேர்த்தே அணுக வேண்டும் என்பதும் இவ்வறிக்கையின் நிலைப்பாடு.

உணவுப் பாதுகாப்பின்மை என்பது பட்டினியை மட்டும் குறிப்பதன்று. அரிசி இருந்தும் பருப்பு, காய்கறி, முட்டை ஆகியவை தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி இல்லாத நிலையும் அதில் அடங்கும். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறைக் குறியீட்டெண், அந்தந்த வயதுக்கும் பாலினத்துக்கும் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த நடுமதிப்பைவிட ஒரு திட்டவிலக்கத்துக்கு மேல் இருப்பது மிகை எடை. நாளொன்றுக்கு 6 முதல் 12 வயது வரையினர்க்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரையினர்க்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை என அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது.

தூக்கம் குறையும்போது பசியைத் தூண்டும் கிரெலின் மிகுந்து, நிறைவை உணர்த்தும் லெப்டின் குறைவதைப் பெரும்பாலும் வயதுவந்தோரிடம் நடத்தப்பட்ட சோதனைகள் காட்டியுள்ளன. அடுத்த வேளை உணவு பற்றிய கவலை தூக்கத்தைக் கெடுப்பதும், கையில் காசு குறைந்த வீடுகள் வயிற்றை நிரப்பும் மலிவான மாவுணவையே நாடுவதும் இதனோடு சேர்கின்றன. எனினும் சிறாரிடையே உணவுப் பாதுகாப்பின்மைக்கும் எடைக்கும் இடையிலான தொடர்பு எல்லா ஆய்வுகளிலும் ஒரே வகையில் வெளிப்படவில்லை என்பதால், ஒன்றே மற்றொன்றுக்குக் காரணம் என இவ்வறிக்கை அறுதியிடவில்லை.

தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் மரபான உணவில் சாமை, கேழ்வரகு, தினை ஆகியவற்றுக்கு இருந்த இடத்தை நியாயவிலைக் கடை அரிசி பெருமளவு எடுத்துக்கொண்டது. அந்த அரிசி பசியைத் தடுத்தது என்பதை மறுக்க இயலாது, ஆயினும் உணவின் பன்மை சுருங்கியது. 2016–18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், இந்தியாவின் 10 முதல் 19 வயதினருள் ஏறத்தாழ 24 விழுக்காட்டினர் மெலிந்தும், 5 விழுக்காட்டினர் மிகை எடையுடனோ உடற்பருமனுடனோ இருந்தனர். எனவே மிகை எடையைப் பேசுகையில் மெலிவை மறப்பதும், மெலிவை எண்ணி மிகை எடையைப் புறக்கணிப்பதும் பிழை.

2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கென வகுக்கப்பட்டது. மதிய உணவு 10ஆம் வகுப்பு வரை தொடர்ந்தாலும், உடல் விரைந்து வளரத் தொடங்கும் 11 வயதில், 6ஆம் வகுப்பில் நுழையும் சிறார் காலை உணவை இழக்கின்றனர். சிதறிய சிற்றூர்களிலிருந்து மலைப்பாதையில் நடந்து பள்ளி சேர வேண்டியவர்க்கு விடியற்காலைத் தூக்கமும் அதனுடன் போகிறது.

ஆகவே இவ்வறிக்கை பின்வருவனவற்றை வலியுறுத்துகிறது:

1. காலை உணவு, மலைப்பகுதிப் பள்ளிகளில் முதற்கட்டமாக 8ஆம் வகுப்பு வரை வழங்கப்பட வேண்டும்.

2. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்கு மாற்றாகக் குடும்ப அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு வழங்கியதைப் போல, ஜவ்வாது மலையில் உள்ளூர் உழவரிடம் கொள்முதல் செய்த சாமையை நியாயவிலைக் கடைகளிலும் பள்ளிச் சமையலிலும் சேர்க்க வேண்டும்.

3. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் கால அட்டவணை, வயதுக்குரிய தூக்க நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டே படிப்பு நேரத்தை வகுக்க வேண்டும்.

4. பள்ளி மருத்துவப் பரிசோதனையில் எடை, உயரத்தோடு தூக்கமும் வீட்டு உணவு நிலையும் கேட்டறியப்பட வேண்டும். எடையைப் பிறர் முன் அறிவித்துச் சிறாரை நாணச் செய்யலாகாது.

உண்ணும் அளவைக் குறைக்கச் சொல்லும் அறிவுரை, அடுத்த வேளை உணவு உறுதியில்லாத வீட்டில் பொருளற்றது. சிறாரின் தட்டையும் உறக்கத்தையும் உறுதிசெய்த பின்னரே அவர்களது எடை குறித்துப் பேசும் தகுதி அரசுக்கும் பள்ளிக்கும் சமூகத்துக்கும் உண்டு.