எந்த நிகழ்ச்சியின் வயது?

ஊத்துக்கோட்டைக்கு வடக்கே சத்தியவேட்டுப் பக்கத்திலும், தென்மேற்கே அல்லிக்குழி மலைகளிலும் தலைநீட்டும் கூழாங்கல் திரள்பாறையை நம் வாசகர்களில் பெரும்பாலோர் மாணவப் பருவத்திலேயே சுத்தியலால் தட்டிப் பார்த்திருப்பர். அதில் பதிந்து கிடக்கும் குவார்ட்சைட் கல் ஒன்றைக் காட்டி, இதன் வயது யாது என்று வினவினால், ஓர் எண்ணை மட்டும் விடையாகக் கூறத் துணிகிறவர் கேள்வியை முற்றும் உணர்ந்தவராகார் என்பதே நமது அபிப்பிராயம்.

நகரி மலைத் தொடரிலிருந்து உருண்டுவந்த கல் அது எனக் கொள்வோமானால், மணலாகப் படிந்து இறுகியது நூறு கோடி ஆண்டுகளுக்கு வெகு முன்னர். அம்மணலோடு கலந்த சிர்க்கான் துகள்கள் அதனினும் தொன்மையான மலைகளில் ஜனித்தவை. கோண்ட்வானாப் பெருநிலம் பிளந்து, இந்தியாவும் அண்டார்க்டிகாவும் ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரியத் தலைப்பட்ட காலத்தை ஒட்டி, நம் கரையோரத்தில் தாழ்ந்த பள்ளங்களில் அக்கல் திரள்பாறையாகச் சேர்ந்தது. பின்னர் அப்பாறையும் சிதைந்து, கொசஸ்தலையாற்றுப் படுகையில் ஆதிமனிதன் கைக்கு அகப்பட்டுக் கைக்கோடரியாயிற்று.

அப்படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தின் சரித்திரம் இவ்விஷயத்தில் நமக்கு விசேஷப் பயனுடையது. ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் 1863-இல் கண்டறிந்த அவ்விடத்தின் களிமண் படிவம், ஆவடிக் களிப்பாறையைச் சேர்ந்த கிரெட்டேஷியஸ் அடுக்கென்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. 1999 முதல் சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் முறைப்படி அகழ்ந்தபோது அக்களிமண்ணுக்குள்ளேயே அச்சூலியன் கருவிகள் வெளிப்பட, கோடிகளில் எண்ணிவந்த காலம் லக்ஷங்களுக்கு இறங்கிற்று. எத்தகைய நுண்கருவியும் ஆய்வுக்கூடமும் இன்றி, மண்வெட்டியும் பொறுமையுமே செய்த திருத்தம் அது!

அக்கருவிகளுக்கு 2011-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான காலநிர்ணயமும் ஊன்றிக் கற்கத்தக்கது. தரைமேல் கிடக்கும் குவார்ட்ஸில் காஸ்மிக் கதிர்கள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் இரண்டையும் ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்தில் உண்டாக்குகின்றன. கல் ஆழப் புதைந்தபின் உற்பத்தி நின்றுபோக, முன்னதன் அரைவாழ்வு சுமார் 7 லக்ஷம் ஆண்டுகளும் பின்னதன் அரைவாழ்வு சுமார் 14 லக்ஷம் ஆண்டுகளுமாதலால், விகிதம் படிப்படியாகக் குறைந்து புதைந்த காலத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கருவிகளையே அளந்து கிடைத்த சராசரி 15.1 லக்ஷம் ஆண்டு, எழுபதினாயிரம் கூடவோ குறையவோ. ஆயினும் இது புதைந்த காலமேயன்றிக் கல்லைச் செதுக்கிய காலம் அன்று. கல்லின் முந்தைய வாசத்தைப் பற்றிய அனுமானங்களும் அதில் அடங்கியுள்ளன. இதனாலேதான் படிவத்தின் காந்தத் திசையையும் சேர்த்து ஆராய்ந்து, 10.7 லக்ஷம் ஆண்டுகளுக்கு இப்பால் அது வரமுடியாது என்று நிறுவியதை நாம் அந்தச் சராசரியைக் காட்டிலும் மதிக்கிறோம்.

2018-இல் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்ட, மேலடுக்குகளுக்குரிய 3.85 லக்ஷம் ஆண்டுக் கணக்கோ மணல் துகள்கள் கடைசியாக ஒளி கண்ட காலத்தைக் கூறுவது. மனித எலும்பு ஒன்றும் கிடைக்காத அவ்விடத்தில், கருவி செய்தவர் இன்ன இனத்தவர் என்று அவ்வெண்ணைக் கொண்டு நிச்சயிப்பது எங்ஙனம்?

எவ்வெண் எந்த நிகழ்ச்சியைக் குறிக்கிறது என்னும் இவ்வினா பல்லாவரத்துச் சார்னோக்கைட்டுக்கும் பொருந்தும். சென்னைப் பகுதியின் அப்பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகளைக் காட்ட, பாலக்காடு–காவிரிப் பிளவுமண்டலத்துக்குத் தெற்கே சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பெருவெப்பம் பழைய சிர்க்கான்களின்மேல் புதிய விளிம்பு வளர்த்துவிட்டது. மடகாஸ்கரோடும் இலங்கையோடும் நம் நிலத்தைப் பொருத்திக் காட்டும் கட்டுரைகள் மையத்தின் வயதைச் சொல்லுகின்றனவா, விளிம்பின் வயதைச் சொல்லுகின்றனவா என்பது சில சமயம் கடைசிவரை விளங்குவதில்லை.

ஆகவே இனி இவ்விதழுக்கு வரும் காலநிர்ணயக் கட்டுரைகளில், அளந்த கனிமம், அதில் அளந்த பகுதி, அவ்வெண் குறிக்கும் நிகழ்ச்சி ஆகிய மூன்றும் அட்டவணையிலேயே இடம்பெற வேண்டும். மாதிரி எடுத்த இடமும் ஆழமும் தவறாமல் குறிக்கப்பெறல் அவசியம். சாலைக்கும் ஆலைக்கும் சரளை வேண்டிநிற்கும் ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில், இன்று நாம் வரைபடத்தில் குறிக்கும் வெட்டுமுகம் மறுமுறை சரிபார்க்கச் செல்வோருக்கு எஞ்சியிருக்கும் என்பதற்கு உறுதியில்லை.