பில்லில் போட்டின் பெயரை எழுதுங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். கம்பியூட்டர் வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் முழுவதும் வாசியுங்கள். கடை வைத்திருக்கும் சகோதரர்களும் வாசியுங்கள். கோபம் வந்தால் கொமெண்டில் எழுதுங்கள், பதில் சொல்கிறோம்.

போன மாதம், ஏ.எல் எழுதி முடித்த ஒரு மாணவன் சிபியூவைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஐ.சி.ரி. கூடத்துக்கு வந்தான். வாப்பா கட்டாரில். அவர் ஓவர்டைம் செய்து மிச்சம் பிடித்து அனுப்பிய காசு அது. உள்ளே கோர் ஐ5 12600கே. முன்பக்கம் கண்ணாடி, நாலு ஃபேன், கல்யாண வீடு மாதிரி லைட். "ஓவர்க்ளொக் பண்ணலாம் எண்டு சொல்லித்தான் சேர் தந்தாங்க. பயோஸுக்குள்ள எங்க தேடியும் அந்த ஒப்ஷன் இல்ல" என்றான்.

பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்த்தோம். எச்610 போட். அதில் அந்த ஒப்ஷன் ஒருநாளும் வராது.

பில்லை வாங்கிப் பார்த்தோம். புரொசசரின் பெயர் கொட்டை எழுத்தில். ரெம் எத்தனை ஜிபி என்று இருக்கிறது. ஃபேன் கூட எண்ணி எழுதப்பட்டிருக்கிறது. போட்டுக்கு மட்டும் "ட்வெல்த் ஜென் மதர்போட் 1" என்று ஒரு வரி.

ஆசிரியர்கள் மூன்று பேராக அந்தக் கடைக்குப் போனோம். "பயோஸ் அப்டேட் பண்ணினா வரும் சேர், தம்பிக்கு விளங்கல்ல" என்றார்கள். விளங்காதது தம்பிக்கு இல்லை. அந்தக் கடையின் பெயரை இங்கே எழுத மாட்டோம். ஏனென்றால் இது ஒரு கடையின் பழக்கம் மட்டும் இல்லை. அதற்குப் பிறகு வேறு மாணவர்களின் பில்கள் நாலைந்தைப் பார்த்தோம், எதிலும் போட்டின் முழுப் பெயர் இல்லை.

விஷயம் என்னவென்றால், புரொசசரின் அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹேர்ட்ஸ். அதை 45ஆல் பெருக்கினால் 4.5 கிகாஹேர்ட்ஸ். இந்தப் பெருக்கும் எண்ணை நாமாகக் கூட்டுவதுதான் சாதாரண ஓவர்க்ளொக். இன்டெல் இதற்கு இரண்டு பூட்டுப் போட்டிருக்கிறது. ஒன்று புரொசசரில்: பெயரில் எண்ணுக்குப் பிறகு கே இருக்க வேண்டும். மற்றது போட்டில்: சிப்செட் இசட் வரிசையாக இருக்க வேண்டும். 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு அது இசட்690 அல்லது இசட்790. பி660, பி760 போட்டுகளில் ரெம்மின் வேகத்தைக் கூட்டலாம், புரொசசரின் பெருக்கெண்ணைத் தொட முடியாது. எச்610இல் இரண்டுமே இல்லை. கே புரொசசரையும் எச்610 போட்டையும் சேர்த்து "ஓவர்க்ளொக் செட்" என்று விற்பது, ஒரு பூட்டின் சாவியைத் தந்துவிட்டு இரண்டு பூட்டுக்கும் காசு வாங்குவது. (ஒன்றிரண்டு பி660 போட்டுகளில் அடிப்படைக் கடிகாரத்தையே கூட்டும் குறுக்கு வழி இருந்தது என்று யாராவது எழுதுவீர்கள். இருந்தது. நம்மட ஊர் அலுமாரிகளில் கிடக்கும் போட்டுகள் அவை இல்லை.)

ஏஎம்டி பக்கம் கையில் காசு குறைந்தவனுக்கு இரக்கம் கொஞ்சம் கூட. ரைசன் புரொசசர்களில் பெரும்பாலானவை பூட்டில்லாமல் வருகின்றன. 5800எக்ஸ்3டி மாதிரிச் சிலதுதான் விதிவிலக்கு. பி450, பி550, பி650 போன்ற நடுத்தரப் போட்டுகளே போதும். ஆனால் ஏ320, ஏ520 என்றால் அங்கும் கதவு பூட்டு.

சரி, இசட் போட் வாங்கிவிட்டால் முடிந்ததா? இல்லை. பவர் சப்ளை போட்டுக்குக் கொடுப்பது 12 வோல்ற்று. புரொசசருக்குத் தேவை ஏறத்தாழ 1.2, 1.3 வோல்ற்று. இடையில் இறக்கிக் கொடுப்பது, சொக்கெட்டைச் சுற்றி வரிசையாக இருக்கும் வீஆர்எம். ஓ.எல் விஞ்ஞானத்தில் படித்ததுதான்: வலு சமன் வோல்ற்றளவு தர மின்னோட்டம். 12600கேக்கு கம்பனி குறித்த உச்சம் 150 வற்று. 1.25 வோல்ற்றில் அது 120 அம்பியர். நம்மட வீடுகளின் மெயின் பிரேக்கர் பெரும்பாலும் 30 அம்பியர். வோல்ற்றளவு வேறு என்பது தெரியும், ஆனால் கம்பியைச் சூடாக்குவது மின்னோட்டம்தான். ஒரு வீட்டு மெயினைப் போல நாலு மடங்கு மின்னோட்டம், உள்ளங்கை அளவு இடத்தில் ஓடுகிறது.

இது ஓவர்க்ளொக் செய்யாமலேயே. இப்போது 4.0 கிகாஹேர்ட்ஸை 4.4 ஆக்கி, அது தாங்குவதற்காக வோல்ற்றளவை 1.20இல் இருந்து 1.35க்கு ஏற்றினால் என்ன நடக்கும்? வேகம் கூடியது 10 சதவீதம். வலு வோல்ற்றளவின் வர்க்கத்தோடு ஏறும், ஆகவே அது கிட்டத்தட்ட 39 சதவீதம் கூடும். இந்தக் கணக்கை 11ஆம் ஆண்டுப் பிள்ளை செய்வான். இந்தச் சுமையைத் தூக்க வேண்டிய வீஆர்எம்மின் தலையில் ஒரு துண்டு ஹீட்சிங்க் கூட இல்லாத போட்டுகளை, ஜூன் மாத வெயிலில் சீற் கூரைக்குக் கீழே ஓடவிடுகிறோம். பகல் இரண்டு மணிக்கு வேகம் தானாக விழுகிறது. பிள்ளை புரொசசரைத் திட்டுகிறான், கடைக்காரர் இன்னும் இரண்டு ஃபேன் விற்கிறார்.

விலை கூடிய போட் என்றால் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். அந்த விலைக்குள் லைட்டும் வைஃபையும் பெட்டியின் அழகும் இருக்கின்றன. "14 ஃபேஸ்", "16 ஃபேஸ்" என்ற எண்ணிக்கை மட்டும் ஒன்றும் சொல்லாது. ஒவ்வொரு ஃபேஸும் எத்தனை அம்பியருக்கு, அதன்மேல் ஹீட்சிங்க் கனமாக இருக்கிறதா, புரொசசருக்கான 8 பின் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நம்மட நாட்டுக்கு இன்னொன்றும் சேர்ப்போம்: புரொசசர் இல்லாமலே பயோஸ் ஏற்றும் பட்டன். பயோஸ் ஏறும்போது கரண்ட் போனால் அந்தப் பட்டனின் அருமை தெரியும்.

வோல்ற்றளவைத் தீர்மானிப்பது போட் என்பதை உலகமே இரண்டு தடவை பார்த்தது. 2023இல் ரைசன் 7000எக்ஸ்3டி புரொசசர்கள் சில சொக்கெட்டிலேயே கருகின. ரெம்மின் வேகத்தைக் கூட்டும்போது சில போட்டுகள் எஸ்ஓசி வோல்ற்றளவைத் தாறுமாறாக ஏற்றியிருந்தன. அதன் பிறகு ஏஎம்டி அதை 1.3 வோல்ற்றுக்குள் கட்டிப்போட்டது. 2024இல் இன்டெல் 13, 14ஆம் தலைமுறைப் புரொசசர்கள் கூடிய வோல்ற்றளவால் உள்ளுக்குள் கெட்டுப்போன கதை. ஓகஸ்டில் பயோஸ் வழியாகத் திருத்தம் வந்தது. ஏற்கெனவே கெட்டதை அது திருத்தாது என்று இன்டெலே சொன்னது. இன்றைக்கு பழைய ஐ9 13900கேயை "பிராண்ட் நியூ மாதிரி" என்று போஸ்ட் போடுபவரிடம், அது எந்தப் போட்டில், எந்த பயோஸில் ஓடியது என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

இனி பெரியவர்களுக்கு. "கேம் விளையாடத்தானே இந்தக் கூத்தெல்லாம்" என்று பள்ளிவாசல் வாசலில் நின்று சொல்கிறீர்கள். விளையாடுகிறான், உண்மை. ஆனால் வோல்ற்றளவை 0.01 ஆக ஏற்றி, வெப்பத்தைக் கொப்பியில் குறித்து, விழுந்தால் ஏன் விழுந்தது என்று இரவிரவாகத் தேடுகிறவன் செய்வது பரிசோதனை. எங்கள் கூடத்தில் அதற்கு வசதி இல்லை. நாங்களும் குற்றவாளிகள்தான். தாய்ப்பலகை என்று படம் கீறி, பத்துப் பாகத்துக்குப் பெயர் எழுத வைத்து, மாக்ஸ் போட்டு அனுப்பிவிட்டோம். சிப்செட் என்பது காசு போகிற இடம் என்று ஒரு வகுப்பில் சொன்னோமா?

காசு அளவோடு இருக்கும் வீட்டுக்கு எங்கள் கருத்து இது. நல்ல போட்டுக்குக் காசு காணாவிட்டால் கே புரொசசர் வாங்கவே வேண்டாம். கே இல்லாத ஐ5உம் உருப்படியான பி760 போட்டும் எடுத்து, மிச்சத்தில் எஸ்எஸ்டியும் யூபிஎஸ்ஸும் வாங்குங்கள். இப்போதைய புரொசசர்கள் தாங்களாகவே உச்சத்துக்குக் கிட்ட ஓடுகின்றன, கையால் கூட்டிக் கிடைப்பது சொற்பம். ஓவர்க்ளொக் பழகத்தான் ஆசை என்றால் பாவித்த ரைசன் 5 3600உம் ஹீட்சிங்க் உள்ள பி450 போட்டும் போதும். கெட்டாலும் வீடு உடையாது.

கடைக்காரர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. காசு வாங்க முன்னர் போட்டின் கம்பனி, முழு மொடல் பெயர், சிப்செட் மூன்றையும் பில்லில் எழுதுங்கள். எச்610 விற்பது குற்றம் இல்லை. ஒஃபிஸ் வேலைக்கு அது நல்ல போட். அதை எச்610 என்று எழுதி விற்பதில் உங்களுக்கு என்ன நட்டம்? எழுத மாட்டேன் என்றால் பெற்றோரே, காசை எடுத்துக்கொண்டு பம்பலப்பிட்டிக்கு பஸ் ஏறுங்கள்.

அந்த மாணவனுடைய போட்டை கடை இன்னும் மாற்றிக் கொடுக்கவில்லை. "வித்தியாசக் காசு தந்தால் பார்ப்போம்" என்கிறார்கள். அவனுடைய உம்மா, "வாப்பாக்குத் தெரிய வேணாம் சேர்" என்று சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் ஐ.சி.ரி. கூடத்தில் இருப்போம். வாங்க முன்னர் கொட்டேஷனைக் கொண்டு வாருங்கள். வாங்கிவிட்டவர்கள் பில்லைக் கொண்டு வாருங்கள்.