குழந்தைக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

பங்குனி, சித்திரை மாதங்கள் வந்துவிட்டால், பட்டணங்களில் சிறு குழந்தையைப் பெற்ற தகப்பன்மாருக்குத் தூக்கம் இல்லை. தனியார் பள்ளிக்கூடங்கள் நாலைந்தின் விளம்பரப் பத்திரங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, எது மேல், எது கீழ் என்று ஆராய்கிறார்கள். ஆராய்வதை நாம் குறை கூறவில்லை. எதைக் கொண்டு ஆராய்கிறார்கள் என்பதே நமது விசாரம். சம்பளம் அதிகமானால் படிப்பும் அதிகம் என்பது ஒரு கணக்கு. கட்டிடத்தின் உயரமும் சிசுக்களின் கழுத்துப்பட்டியும் மற்றொரு கணக்கு. எல்லாவற்றிற்கும் மேலாக, குழந்தை எத்தனை மாதத்தில் இங்கிலீஷ் பேசும் என்ற கேள்வி. தேசம், பாஷை என்று மேடையில் முழங்கும் நமது நண்பர்களும் இக்கேள்வியை இரகசியமாகக் கேட்கிறார்கள் என்பதை நாம் அறிவோம்.

இங்கிலீஷ் வேண்டாம் என்பது நமது கட்சியன்று. ஆனால் வீட்டில் கேளாத பாஷையில் எழுத்தைத் தொடங்கும் குழந்தை, ஒலியை ஒப்பிக்குமேயன்றிப் பொருளைப் பற்றாது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவு, கூடிய மட்டும் தாய்மொழியிலேயே போதிக்க வேண்டுமென்கிறது. ‘கூடிய மட்டும்’ என்ற வாசலில் யானையும் நுழைந்து போகலாம் என்பது வக்கீல்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தாரும் அவ்வழியே போய்விட்டனர். 2006-ஆம் வருஷத்துத் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிற்று. பாடமாயிருப்பது வேறு, போதனா பாஷையாயிருப்பது வேறு.

அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு, குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்ப்பதை விலக்கி, முதல் குற்றத்துக்கு 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. அச்சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையுள்ளோருக்கு ஏற்பட்டது. மூன்று வயதுச் சிசுவை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கும் பள்ளி, சட்டத்துக்குத் தப்பினாலும் விவேகிகளின் மதிப்பைப் பெறாது.

கட்டிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2004-ஆம் வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் நெருக்கமாய் நடந்த ஒரே கட்டிடத்தில், சமையற் கொட்டகையின் நெருப்பு ஓலைக் கூரையைப் பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அக்குழந்தைகளைப் பெற்றோரும் நல்ல பள்ளியென்று நம்பியே அனுப்பினார்கள். ஆகையால் சேர்க்கை அறையில் உட்கார்ந்து காப்பி அருந்திவிட்டுத் திரும்பாமல், வகுப்பு நடக்கும் வேளையில் போய்ப் பாருங்கள். படிக்கட்டு எத்தனை, எவ்வளவு அகலம்? ஓர் உபாத்தியாயினியிடம் எத்தனை குழந்தைகள்? சட்டம் 60 குழந்தைகள் வரை இருவரைக் கேட்கிறது. அவ்வம்மைக்குப் பயிற்சி உண்டா, வருஷந்தோறும் ஆள் மாறுகிறதா? தமிழில் கேட்ட குழந்தைக்குத் தமிழில் விடை கிடைக்கிறதா? 25 சதவிகித ஒதுக்கீட்டில் வந்த ஏழைக் குழந்தைகள் மற்றவர்களோடு கலந்து உட்காருகிறார்களா?

இந்த ஜாபிதாவில் தெருக்கோடியிலுள்ள நகரசபைப் பள்ளியைச் சேர்க்காமல் விடுவானேன்? அங்கே குறைகள் உண்டு. அவற்றைத் தட்டிக் கேட்கக்கூடிய தகப்பன்மார் வெளியேறியதே அவற்றுள் பெரிது. ஆனால் அங்கு சம்பளம் இல்லை. உபாத்தியாயர்களும் பயிற்சி பெற்றவர்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் தள்ளுங்கள், பாராமல் தள்ளாதீர்கள்.

தனியார் பள்ளிகளின் சம்பளத்தை நிர்ணயிக்க, ஓய்வு பெற்ற ஹைகோர்ட்டு நீதிபதியின் தலைமையில் கமிட்டி ஏற்பட்டிருக்கிறது. நிர்ணயித்த தொகையைப் பள்ளி வாசலிலேயே எழுதி வைக்கும்படி சர்க்கார் கண்டிப்புச் செய்யவேண்டும். அதுவரையில், ஒவ்வோர் ஊரிலும் நமது தொண்டர் நால்வர் கூடி, மேற்கூறிய விவரங்களைப் பள்ளிவாரியாகத் திரட்டி அனுப்புவாராயின், அவற்றைப் பிரசுரிக்க நாம் சித்தமாயிருக்கிறோம்.