ஆஸ்பத்திரி நிர்வாகப் படிப்பு

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளியாகி, மருத்துவக் கல்லூரியில் இடமில்லை என்பது உறுதியானதும், மும்பைத் தமிழர் குடும்பங்கள் பலவற்றில் அடுத்து அடிபடும் பேச்சு ஆஸ்பத்திரி நிர்வாகப் படிப்பாகும். டாக்டராக முடியாவிட்டாலும் ஆஸ்பத்திரியில் அதிகாரியாகலாமே என்ற ஆசை இயற்கையானதே. இளநிலை, முதுநிலை இரண்டையும் சேர்த்து ஐந்தாண்டுகளில் தருவதாகச் சொல்லும் ஒருங்கிணைந்த படிப்பு இந்த ஆசைக்கு வாகாக அமைந்துவிடுகிறது. ஒருமுறை சேர்ந்துவிட்டால் போதும், மறுபடி நுழைவுத் தேர்வுக்கு அலைய வேண்டாம் என்று பெற்றோர் நிம்மதி அடைகிறார்கள்.

இதனால் காலம் மிச்சமாகிறதா என்றால், இல்லை. மூன்றாண்டு பட்டப் படிப்பும் இரண்டாண்டு முதுநிலையும் சேர்ந்தால் ஐந்தாண்டுதான். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைப்படி நான்காண்டு இளநிலை முடித்தவர் ஓராண்டில் முதுநிலை முடிக்கலாம், அதுவும் ஐந்தாண்டுதான். மிச்சமாவது ஒரு நுழைவுத் தேர்வு மட்டுமே. அதற்கு விலையாக, பதினேழு வயதுப் பிள்ளை இருபத்திரண்டு வயது வரை ஒரே கல்லூரியில், ஒரே துறையில் கட்டுண்டு கிடக்க வேண்டியிருக்கிறது.

மும்பையிலேயே வேறு வழியும் இருக்கிறது. தேவனாரில் உள்ள டாடா சமூக அறிவியல் கழகத்தின் ஆஸ்பத்திரி நிர்வாக முதுநிலைப் படிப்புக்கு எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். பி.காம். படித்த பெண்ணும், நர்சிங் முடித்த பெண்ணும் அங்கே சக மாணவிகளாகலாம். டில்லி எய்ம்ஸோ இத்துறை முதுநிலைக்கு எம்.பி.பி.எஸ். முடித்தவர்களையே சேர்க்கிறது.

உத்தியோகத்தின் தன்மையையும் முன்கூட்டியே அறிந்துகொள்வது நலம். கே.இ.எம்., சயான் போன்ற மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் டீன் நாற்காலி டாக்டர்களுக்கே உரியது. நிர்வாகப் பட்டதாரிக்குப் பெரும்பாலும் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இன்ஷூரன்ஸ் துறையிலும்தான் இடம். அங்கே குளிர்சாதன அறை முதல் நாளே கிடைத்துவிடாது. காலையில் டிஸ்சார்ஜ் எழுதப்பட்ட நோயாளி, இன்ஷூரன்ஸ் ஒப்புதல் வராமல் மாலை வரை படுக்கையை விடாமல் இருப்பார். அதே படுக்கைக்கு எமர்ஜென்சியில் ஒருவர் காத்திருப்பார். இரு வீட்டாரின் கோபத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் இந்தப் பட்டதாரியே. கழிவுகளை 2016ஆம் ஆண்டு விதிகளின்படி நிறவாரியாகப் பிரித்து அனுப்பினார்களா என்பதும் அவர் தலையில் விழும். தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் சரளமாகப் பேசும் தாராவிப் பிள்ளைக்கு இந்த இடத்தில் ஒரு பலம் உண்டு. அதை எந்தக் கல்லூரியும் சொல்லிக் கொடுப்பதில்லை.

முதலிரண்டு ஆண்டுகளில் இந்த வேலை தனக்கு ஒத்துவராது என்று மாணவர் உணர்ந்தால் என்ன செய்வது? மூன்றாண்டு முடிவில் செல்லத்தக்க இளநிலைப் பட்டத்துடன் வெளியேறலாம் என்றால் நஷ்டமில்லை. அந்த வசதி இல்லாத இடத்தில் கட்டிய பணம் போனதுதான். கல்விக் கடன் வாங்கிய குடும்பங்களுக்கு இது இன்னும் கடினம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கேட்கப்படாவிட்டாலும், வட்டி முதல் தொகை வழங்கிய நாளிலிருந்தே ஏறத் தொடங்குகிறது.

துறையில் உறுதியான நாட்டமுள்ள பிள்ளைக்கு, சொந்த ஆஸ்பத்திரியும் அதில் முறையான பயிற்சியும் உள்ள கல்லூரியில் ஒருங்கிணைந்த படிப்பு பொருத்தமாகவே இருக்கும். ஆனால் பட்டம் வழங்குவது 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி அதற்கு உரிமை பெற்ற பல்கலைக்கழகம்தானா என்று பார்த்தாக வேண்டும். பி.பி.ஏ. படிப்புகள் 2024-25 முதல் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் வரம்புக்குள் வந்துவிட்டதால், பெயர் பி.பி.ஏ. என்றிருந்தால் அந்த அங்கீகாரத்தையும் கேட்கலாம். ஐந்தாண்டுகளுக்கும் ஆகும் மொத்தக் கட்டணத்தையும், இடையில் விலகினால் கிடைக்கும் பட்டத்தின் பெயரையும் விளக்கக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிடும்படி மாநில அரசு கல்லூரிகளுக்கு உத்தரவிட வேண்டும். அதுவரை, முன்பணம் கட்டுமுன் இவ்விரண்டையும் பெற்றோர் எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.