சாதி மறுத்த திருமணத்துக்கு யார் சாட்சி சொல்வது?

போன மாதம் மெல்பர்னிலிருந்து ஒரு தோழர் பேசினார். கடலூர் பக்கம் சேரியில் பிறந்து, படித்து, நான்கு வருடங்களாக அங்கே 482 வேலை விசாவில் இருப்பவர். அவர் மணந்திருக்கும் பெண் ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றவர். இடைநிலைச் சாதித் தமிழ்க் குடும்பம். இப்போது துணை விசாவுக்கு மாற வேண்டும். "அண்ணே, ஏஜென்ட் கல்யாண போட்டோ கேக்குறாரு. போட்டோல நாங்க ரெண்டு பேரும், சாட்சிக்கு வந்த ஆபீஸ் பிரெண்ட்ஸ் ரெண்டு பேரும்தான் இருக்கோம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஆஸ்திரேலியாவுக்குள் இருந்தபடி விண்ணப்பிக்கும் துணை விசாவுக்கு 820, 801 என்று இரண்டு எண்கள். முதலாவது தற்காலிகம், விண்ணப்பித்து இரண்டு வருடம் கழித்து நிரந்தர விசாவுக்கான பரிசீலனை. கட்டணம் மட்டும் 9,000 டாலருக்கு மேல், மறுத்தால் திரும்ப வராது. உறவு உண்மையானதா என்று நான்கு வகையில் பார்க்கிறார்கள்: பணம், வீட்டு வாழ்க்கை, ஒருவருக்கொருவர் உள்ள உறுதி, சமூகத் தொடர்பு. கடைசி வகையில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நண்பர்களும் தெரிந்தவர்களும் உங்களைத் தம்பதியாக நினைக்கிறார்களா, சேர்ந்து வெளியே போகிறீர்களா, உறவை நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறீர்களா என்றெல்லாம் கேட்கும் பகுதி அது.

கேள்வியில் கெட்ட எண்ணம் இல்லை. விசாவுக்காகப் போலித் திருமணம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அரசு சோதிக்கத்தான் செய்யும். ஆனால் உறவு உண்மை என்றால் சுற்றம் அதை ஏற்றுக்கொண்டிருக்கும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நம் ஊரில் கதை தலைகீழ். உறவு உண்மையாகிவிட்டது என்று தெரிந்தால்தான் கதவைச் சாத்துவார்கள். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கொல்லப்பட்ட கவின் ஐ.டி. ஊழியர். படிப்பும் சம்பளமும் காப்பாற்றவில்லை. கடல் தாண்டினால் அரிவாள் வராது, உண்மைதான். வேறு ஒன்று வரும்.

அது மொட்டைக் கடுதாசி. விசா மோசடி பற்றி பெயர் சொல்லாமல் புகார் கொடுக்க ஆஸ்திரேலிய அரசின் இணையதளத்தில் வசதி இருக்கிறது. "பி.ஆருக்காகத்தான் எங்க பொண்ணை மடக்கிட்டான்" என்று ஒரு மாமா சோபாவில் உட்கார்ந்தபடியே எழுதிவிடலாம். அப்படிப் பாதகமான தகவலை வைத்து விண்ணப்பத்தை மறுப்பதாக இருந்தால், அதற்குமுன் விண்ணப்பித்தவருக்குத் தெரிவித்துப் பதில் கேட்பார்கள். அந்தக் கடிதம் வந்தால் பதறாதீர்கள், கெடு தேதியைத் தவறவிடாதீர்கள். பெண் வீட்டார் ஏன் எதிர்க்கிறார்கள் என்பதைச் சாதிப் பெயரோடு, தேதியோடு, நேராக எழுதுங்கள். அதிகாரிக்குச் சாதி புரியாது என்று நாமே முடிவு செய்து 'குடும்பப் பிரச்சினை' என்று மழுப்புவதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு.

பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. உறவின் எல்லாச் சூழ்நிலைகளையும் பார்க்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. வீட்டார் மறுத்ததும் ஒரு சூழ்நிலைதானே? வசவு வாய்ஸ் மெசேஜ், 'இனி நீ எங்களுக்கு செத்துட்ட' என்ற வாட்ஸ்அப், குடும்பக் குழுவிலிருந்து நீக்கிய ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஆவணம். நமக்கோ அவமானத்தை அழித்துவிடும் பழக்கம். நானும் அழித்திருக்கிறேன். அழிக்காதீர்கள்.

திருமணப் பதிவில் அங்கே ஒரு நிம்மதி உண்டு. நம் நாட்டின் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி, நோட்டீசை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்க ஒட்டி 30 நாள் ஆட்சேபணைக்குக் காத்திருக்க வேண்டும். சாதிச் சங்கத்துக்காரன் வந்து படித்துவிட்டுப் போவதற்கு இதைவிட வசதி வேண்டுமா? ஆஸ்திரேலியாவிலும் ஒரு மாதம் முன்னதாக அறிவிப்பு தர வேண்டும். ஆனால் அதைத் திருமணத்தை நடத்திவைப்பவரிடம் கொடுத்தால் போதும், சுவரில் ஒட்டுவதில்லை.

வேலை விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். துணை விசாவுக்கு விண்ணப்பித்ததும் 'பிரிட்ஜிங்' விசா ஒன்று கிடைக்கும். உடனே முதலாளியிடம் ராஜினாமாவை நீட்டிவிடாதீர்கள். 482 உயிரோடு இருக்கும்வரை அதன் நிபந்தனைகள்தான் உங்களைக் கட்டும். பிரிட்ஜிங் விசா அது முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும். நிபந்தனையை மீறி 482 ரத்தானால் அந்த பிரிட்ஜிங் விசாவும் கூடவே போய்விடும். ஊருக்குப் போய்வர நினைத்தாலும் முதலில் உங்கள் கையில் எந்த விசா நடைமுறையில் இருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. இதை நம் இயக்கத் தோழர்களே பேசத் தயங்குகிறார்கள். இதுவரை முதலாளி கையில் இருந்த விசா இனி துணையின் கையில். சாதி மறுத்து மணந்தவர் என்பதாலேயே ஒருவருக்குள் இருக்கும் சாதி காலியாகிவிடாது. சண்டையில் ஒருநாள் "நான் இல்லேன்னா உனக்கு விசா ஏது" என்று வரும். அதற்கு அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று நம்மில் பலருக்குத் தெரியும். உறவு முறிந்தால் விண்ணப்பமும் போய்விடும் என்று பயந்து சகித்துக்கொண்டு இருக்க வேண்டாம். குடும்ப வன்முறையால் உறவு முறிந்தால், அதை நிரூபித்து, அந்த விசா வழியிலேயே தொடர விதிகள் இடம் தருகின்றன. அடிதான் வன்முறை என்றில்லை. மிரட்டுவதும் பணத்தை முடக்குவதும் கணக்கில் வரும். அங்கே இலவசச் சட்ட உதவி மையங்களும் உண்டு.

அரசிடம் நாம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் 1975ஆம் ஆண்டு இனப் பாகுபாடு தடைச் சட்டத்தில் 'வம்சாவளி' இருக்கிறது, 'சாதி' என்ற சொல் இல்லை. சியாட்டில் நகரம் 2023இல் தன் சட்டத்தில் சேர்த்துவிட்டது. சட்டப் புத்தகத்திலேயே இல்லாத சொல்லை விசா அதிகாரி எப்படிக் கற்றுக்கொள்வார்? பொங்கலுக்கும் பட்டிமன்றத்துக்கும் கூடும் வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்கள் இதைப் பேசி நான் பார்த்ததில்லை. அங்கே படிக்கப் போயிருக்கும் மாணவர்கள் இரண்டு வேலை செய்யலாம்: சாதியைச் சட்டத்தில் சேர்க்கக் கோரி மனு கொடுப்பது, தனியாக நிற்கும் இணையர்களோடு ஞாயிற்றுக்கிழமை ஒருவேளை சோறு சாப்பிடுவது. பின்னால் சாட்சி சொல்ல, முதலில் பழக்கம் வேண்டும்.

மெல்பர்ன் தோழருக்கு, இருவரையும் அறிந்த இரண்டு பேரின் உறுதிமொழிப் படிவம் தேவைப்பட்டது. 888 என்பது அதன் எண். சொந்தக்காரர்தான் தர வேண்டும் என்பதில்லை. ஒன்றைப் பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பாட்டி எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னொன்றை அந்தப் பெண்ணின் அத்தை மகள் தருவதாகச் சொல்லியிருக்கிறாள், வீட்டுக்குத் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு. படிவத்தில் தன் முகவரியை எழுத வேண்டுமா என்று நேற்றிரவுவரை கேட்டுக்கொண்டிருந்தாளாம்.