கீர்த்தி மண்டபத்தில் ஒரு காலி ஆசனம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பேஸ்பால் ஆட்டத்தின் ரசிகர்கள் ஓயாமல் வாதிட்டு வரும் விஷயங்கள் மூன்று. எந்தக் கோஷ்டி எந்த ஆட்டக்காரரைக் கொடுத்து யாரை வாங்கிற்று, அந்தப் பண்டமாற்றில் லாபம் யாருக்கு என்பது ஒன்று. மட்டையும் பந்தும் விதிப்படி இருக்கின்றனவா என்பது மற்றொன்று. நியூயார்க் மாகாணத்துக் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் 1939-ல் திறக்கப்பட்ட கீர்த்தி மண்டபத்தில் இடம்பெறத் தக்கவர் யார் என்பது மூன்றாவது. இவற்றை வேலையற்றோர் பேச்சென்று தள்ளிவிடுவோர் உண்டு. நாம் அவ்விதம் எண்ணவில்லை. ஒரு மனிதனுடைய உழைப்பு யாருக்குச் சொந்தம், சட்டத்தின் எழுத்து பெரிதா நோக்கம் பெரிதா, தீர்ப்பளிப்போர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவரா என்னும் மூன்று பெரிய கேள்விகள் இவ்வாதங்களின் அடியில் இருக்கின்றன. நமது கிரிக்கெட்டுக்கு உறவுள்ள இவ்வாட்டத்தை ஒருநாளும் கண்ணால் காணாதவரும் இக்கேள்விகளை அறியாதவரல்லர்.

இவற்றுள் இலகுவானதை முதலில் எடுத்துக்கொள்வோம். 1983 ஜூலை 24-ந் தேதி கான்ஸாஸ் ஸிட்டி கோஷ்டியைச் சேர்ந்த ஜார்ஜ் பிரெட் என்பவர், நியூயார்க் யாங்கி கோஷ்டிக்கு எதிராக, ஆட்டம் முடியும் தறுவாயில் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்துத் தம் கட்சிக்கு 5-க்கு 4 என்ற முன்னிலையை வாங்கித் தந்தார். உடனே எதிர்க்கட்சியின் மானேஜர் ஆக்ஷேபணை கிளப்பினார். கைப்பிடி வழுக்காதிருக்கத் தடவும் பைன் மரத் தார் மட்டையின் அடியிலிருந்து 18 அங்குலத்துக்கு மேல் ஏறலாகாது என்பது விதி. அம்பயர்கள் மட்டையை 17 அங்குல அகலமுள்ள ஹோம் பிளேட்டின்மீது கிடத்தி அளந்து பார்த்து, தார் மிஞ்சியிருக்கிறதென்று பிரெட்டை அவுட்டாக்கிவிட்டார்கள். ஜயித்த கட்சி ஒரு நொடியில் தோற்ற கட்சியாயிற்று.

அப்பீலை விசாரித்த லீக் தலைவர் லீ மக்பெயில், அவ்விதி எதற்காக ஏற்பட்டது என்று கேட்டார். தார் ஒட்டிப் பந்து அழுக்காகாமலிருக்கவே ஏற்பட்டது. அடிக்குப் பலம் கூட்டுவதைத் தடுக்க ஏற்பட்டதன்று. ஆகவே மட்டையை விலக்கலாமேயன்றி அடித்த அடியை அழிக்கலாகாதென்று தீர்ப்பளித்தார். ஆகஸ்டு 18-ந் தேதி ஆட்டம் நின்ற இடத்திலிருந்து மறுபடி தொடர்ந்தது. கான்ஸாஸ் கோஷ்டியே வென்றது. 2025 மார்ச்சு 29-ந் தேதி யாங்கி கோஷ்டியார், சிலர் கையில் நுனி மெலிந்து நடு பருத்த ‘டார்பிடோ’ மட்டைகளோடு, ஒரே ஆட்டத்தில் ஒன்பது ஹோம் ரன் அடித்தபோதும் இவ்வாறே கூக்குரல் எழுந்தது. 2.61 அங்குலத்துக்கு மேற்படாத குறுக்களவுள்ள ஒரே கட்டையாயிருந்தால் போதும் என்பது முன்னரே அச்சிட்ட விதி. அவ்விதிக்கு உட்பட்டது ஆகுமென்ற முடிவோடு கூக்குரல் அடங்கிற்று. விதி முன்னே, விவகாரம் பின்னே. அளவு எல்லோருக்கும் ஒன்று. ஒரு மட்டைக்கு இவ்வளவு நியாயம் கிடைப்பதைக் கண்டு நாம் சந்தோஷப்படுகிறோம். அம்மட்டையைப் பிடித்த மனிதனுக்கு அது கிடைத்ததா என்பதே நமது கேள்வி.

பண்டமாற்று விஷயத்துக்கு வருவோம். சுமார் நூறு வருஷ காலம் அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ‘ரிஸர்வ் ஷரத்து’ என்று ஒன்று இருந்தது. வருஷம் முடிந்ததும் ஒப்பந்தத்தை முதலாளி தாமே புதுப்பித்துக்கொள்ளலாம். மறு வருஷமும் அவ்வாறே. அதற்கு முடிவே இல்லை. முதலாளி விரும்பினால் ஆளை வேறு ஊருக்கு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், நீக்கிவிடலாம். ஆட்டக்காரருக்கோ கிடைத்த இடத்தில் ஆடுவது, அல்லது ஆட்டத்தையே விடுவது என்ற இரண்டு வழிகளே உண்டு. உலகப் புகழ் பெற்ற பேப் ரூத்தையே 1919 டிசம்பரில் பாஸ்டன் முதலாளி லட்சம் டாலருக்கு நியூயார்க்குக்கு விற்றார். அவ்விற்பனை லாபமா நஷ்டமா என்று நூறு வருஷமாக ரசிகர்கள் கணக்குப் பார்த்து வருகிறார்கள். விற்கும் உரிமை எங்கிருந்து வந்ததென்று கேட்டவர் சிலரே.

அவ்வாறு கேட்டவர் கர்ட் பிளட். 1958 முதல் 1969 வரையில் பன்னிரண்டு வருஷம் ஸெயிண்ட் லூயிஸ் கோஷ்டியில் ஆடியவர். மைதானத்தின் நடுப்புறத்தைக் காப்பதில் சிறந்தவரென்று தொடர்ந்து ஏழு வருஷம் தங்கக் கையுறைப் பரிசு பெற்றவர். கறுப்பர் இனத்தினர், இளமையில் தென் மாகாணங்களில் ஆடியபோது, வெள்ளையரான தம் தோழர்களோடு ஒரே பந்தியில் உண்ணவும் உரிமையின்றி இருந்தவர். 1969 அக்டோபரில் ஒரு காலை, அவரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியாயிற்று என்ற செய்தி டெலிபோனில் வந்தது. அவருக்கு ஈடாக அங்கிருந்து வந்தவர்களில் முக்கியமானவர் டிக் ஆலன். அப்பொழுது பிளட்டின் சம்பளம் வருஷத்துக்கு 90,000 டாலர். பிலடெல்பியாவுக்குப் போயிருந்தால் அது கூடியிருக்குமேயன்றிக் குறைந்திராது.

அவர் போகவில்லை. 1969 டிசம்பர் 24-ந் தேதி, கமிஷனர் பௌயி கூன் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். பன்னிரண்டு வருஷ சேவைக்குப் பிறகும், தம் விருப்பத்தைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் தாம் ஒரு சொத்து அல்லவென்பதே அதன் ஸாரம். கமிஷனர் தாமும் ஒரு வக்கீல். மனிதராகிய தாங்கள் சொத்து அல்லவென்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அக்கொள்கைக்கும் இவ்விஷயத்துக்கும் என்ன சம்பந்தமென்று தெரியவில்லை என்னும் கருத்துப்பட அவர் பதில் எழுதினார். கொள்கையை முழு மனத்தோடு ஒப்புக்கொண்டு, அதன் பயனை மட்டும் மறுக்கும் இவ்வித்தை நமக்குப் புதிதன்று. அதிகாரத்திலிருப்போர் எந்தக் கண்டத்திலும் இப்படித்தான் பதில் எழுதுகிறார்கள்.

பிளட் 1970 ஜனவரியில் வழக்குத் தொடர்ந்தார். அவருக்கு முன் இருந்த தடை 1922-ம் வருஷத்துத் தீர்ப்பொன்று. பேஸ்பால் ஆட்டம் மாகாணங்களுக்கிடையே நடக்கும் வர்த்தகம் அன்று. ஆதலால் ஏகபோகத்தைத் தடுக்கும் 1890-ம் வருஷத்து ஷெர்மன் சட்டம் அதற்குப் பொருந்தாதென்று ஜஸ்டிஸ் ஹோம்ஸ் எழுதியது அது. 1953-ல் அதே நியாயஸ்தலம் அதை மறுபடி உறுதிசெய்தது. ஆனால் 1955-ல் குத்துச்சண்டைக்கும் 1957-ல் கால்பந்துக்கும் அச்சட்டம் பொருந்துமென்று சொல்லிற்று. குத்துச்சண்டை வர்த்தகமாம், கால்பந்து வர்த்தகமாம், பேஸ்பால் மட்டும் வர்த்தகமன்றாம்! 1972 ஜூன் 19-ந் தேதி ஸுப்ரீம் கோர்ட்டு, இது முரண்பாடுதானென்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டு, ஐவருக்கு மூவர் என்ற கணக்கில் பிளட்டுக்கு எதிராகத் தீர்ப்புச் செய்தது. திருத்தவேண்டியது சட்டசபை என்று சொல்லிக் கைகழுவிற்று. ஜஸ்டிஸ் பிளாக்மன் அத்தீர்ப்பின் முகப்பில் பழைய ஆட்டக்காரர் எண்பதுக்கு மேற்பட்டோரின் நாமாவளியைப் பாடினார். அப்பகுதியில் சேர அவரோடு உடன்பட்ட நீதிபதிகளிலேயே இருவர் மறுத்துவிட்டனர். 1953-ம் வருஷத்துத் தீர்ப்பில் சேர்ந்திருந்த ஜஸ்டிஸ் டக்ளஸ், அதற்காகத் தாம் வருந்துவதாக இப்பொழுது எழுதி, மாறுபட்ட மூவரில் ஒருவரானார்.

விசாரணையில் பிளட்டின் பட்சத்தில் சாட்சி சொல்ல ஜாக்கி ராபின்ஸன் வந்தார். பழைய வீரர் வேறு சிலரும் வந்தார்கள். அன்று மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவரும் வரவில்லை. பிளட் 1970 முழுவதும் ஆடவில்லை. 1971-ல் வாஷிங்டன் கோஷ்டியில் சில ஆட்டங்கள் ஆடிப் பார்த்து விலகிவிட்டார். முப்பத்து மூன்று வயதில் அவருடைய ஆட்டவாழ்வு முடிந்தது.

வழக்குத் தோற்றதேயன்றிக் காரியம் தோற்கவில்லை. பத்து வருஷம் ஆடி, கடைசி ஐந்து வருஷம் ஒரே கோஷ்டியிலிருப்பவரை அவர் சம்மதமின்றி மாற்றலாகாதென்ற ஏற்பாடு 1973-ல் வந்தது. பிளட் அந்த நிபந்தனைக்கு முற்றிலும் பொருந்தியிருந்தவர் என்பதைக் கவனிக்க. 1975 டிசம்பர் 23-ந் தேதி மத்தியஸ்தர் பீட்டர் ஸைட்ஸ் ரிஸர்வ் ஷரத்து ஒரு வருஷத்துக்கே செல்லும், யுகாந்தரத்துக்கும் செல்லாதென்று தீர்ப்பளித்தார். முதலாளிகள் உடனே அவரை மத்தியஸ்தத்திலிருந்து நீக்கினார்கள். ஆனால் தீர்ப்பை நீக்க முடியவில்லை. 1998-ல் அமெரிக்கச் சட்டசபை ஆட்டக்காரர்களின் ஊழிய விஷயத்தில் பழைய விலக்கை ரத்துச்செய்து, அச்சட்டத்துக்குக் கர்ட் பிளட்டின் பெயரையே வைத்தது. அதற்கு முந்திய வருஷம் ஜனவரியில் அவர் இறந்துபோயிருந்தார். இன்று கோடிக்கணக்கான டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளும் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் உண்ணும் சோற்றில் அவர் போட்ட உப்பு இருக்கிறது.

இனிக் கீர்த்தி மண்டபம். ஓய்வுபெற்று ஐந்து வருஷமான ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பேஸ்பால் பத்திரிகை எழுத்தாளர்கள் முன்பு வைக்கிறார்கள். நூற்றுக்கு 75 வோட்டுக் கிடைத்தால் பிரவேசம். பத்து வருஷத்தில் கிடைக்காவிட்டால் விவகாரம் சிறு கமிட்டிகளிடம் போகிறது. ஆட்டத்திறமையோடு நேர்மையையும் ஒழுக்கத்தையும் பார்க்கவேண்டுமென்று விதி சொல்கிறது. ஒழுக்கம் இன்னதென்று சொல்லவில்லை. 762 ஹோம் ரன் அடித்த பாரி பாண்ட்ஸும், 354 வெற்றி கண்ட ராஜர் கிளெமென்ஸும் ஊக்க மருந்துச் சந்தேகத்தினால் 2022-ல் கடைசி முறையாக நூற்றுக்கு 66, 65.2 என்ற அளவில் நின்றுபோனார்கள். அம்மருந்துக் காலம் முழுவதும் ஆட்டத்தை ஆண்டுவந்த கமிஷனர் பட் ஸெலிக், 2016-லேயே ஒரு கமிட்டியின் 16 வோட்டில் 15 பெற்று உள்ளே அமர்ந்துவிட்டார். ஸந்தேகத்துக்குட்பட்டவர்களை ஏற்கவேண்டுமென்று நாம் வாதிக்கவில்லை. ஆளப்பட்டவனுக்கு ஓர் அளவும் ஆண்டவனுக்கு வேறோர் அளவும் ஏன் என்றே கேட்கிறோம்.

காரணம் சொல்லும் வழக்கமும் அங்கே இல்லை. 2025-ல் ஜப்பானிய வீரர் இச்சிரோ 394 வோட்டில் 393 பெற்றார். மறுத்த ஒருவர் யாரென்று இன்றளவும் தெரியாது. எல்லா வோட்டுகளையும் வெளியிடலாமென்று எழுத்தாளர் சங்கமே 2016-ல் பெரும்பான்மையாக முடிவு செய்தது. மண்டபத்தின் நிர்வாகிகள் அதற்கு இடங்கொடுக்கவில்லை. பிரஜை அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வோட்டு இரகசியமாயிருப்பது அவனுக்குப் பாதுகாப்பு. ஒருவன் மற்றொருவனுடைய புகழுக்குத் தீர்ப்பெழுதும்போது அது இரகசியமாயிருப்பது தீர்ப்பெழுதுபவனுக்கே பாதுகாப்பு. பெயரும் காரணமும் இல்லாத தீர்ப்பைத் தீர்ப்பென்று எந்த நியாயஸ்தலமும் ஏற்காது.

அக்கமிட்டிகள் பிளட் வழக்கில் சம்பந்தப்பட்டவர்களை நடத்திய விதத்தைப் பார்க்க. பிரதிவாதியான கமிஷனர் கூன் 2007 டிசம்பரில் 12 வோட்டில் 10 பெற்றுத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே கமிட்டி, பிளட்டுக்குத் துணைநின்ற ஆட்டக்காரர் சங்கத் தலைவர் மார்வின் மில்லருக்கு அளித்தது 3 வோட்டு. மில்லர் இறந்து ஏழு வருஷம் கழித்து 2019-ல் அவரையும் தேர்ந்தெடுத்தார்கள். பிளட்டுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட டிக் ஆலனை 2024 டிசம்பரில், அவரும் இறந்த பின், தேர்ந்தெடுத்தார்கள். பிரதிவாதிக்கு ஆசனம், வாதியின் துணைவருக்கு ஆசனம், வாதிக்கு மாற்றாக நிறுத்தப்பட்டவருக்கும் ஆசனம். வாதி மட்டும் இன்னும் வெளியே நிற்கிறார்.

பிளட்டின் ஆட்டக் கணக்கு மண்டபத்துக்குப் போதாதென்பது ஓர் ஆக்ஷேபணை. அவர் அடித்த சராசரி .293, நல்ல கணக்கே, முதல்தரக் கணக்கென்று நாமும் சொல்லோம். ஆனால் அக்கணக்கு முப்பத்தொரு வயதில் ஏன் நின்றது? அவர் நிறுத்தினார், கொள்கைக்காக நிறுத்தினார். தியாகத்தால் குறைந்த கணக்கைக் காட்டித் தியாகியை விலக்குவது, விரதமிருந்தவனை இளைத்தவனென்று பழிப்பதை ஒக்கும். மேலும் கமிட்டிகளின் விதியில் ஆட்டத்துக்குச் செய்த உபகாரமும் ஓர் அளவாக எழுதப்பட்டிருக்கிறது. கூனும் மில்லரும் ஒரு பந்தைக்கூட அடித்து உள்ளே செல்லவில்லையே! வழக்கில் தோற்றவருக்குக் கீர்த்தி ஏது என்பது மற்றோர் ஆக்ஷேபணை. வென்றவர்களின் ஜாபிதாவே சரித்திரமென்று நம்புவோருக்கு நாம் பதில் சொல்லத் தேவையில்லை.

1980-க்கு முற்பட்டவர்களை ஆராயும் கமிட்டி அடுத்தபடியாக 2027 டிசம்பரில் கூடுவதாக ஏற்பாடு. பந்தயம் கட்டியதற்காக 1989-ல் விலக்கப்பட்டு, 2024-ல் இறந்த பீட் ரோஸின் மீதிருந்த தடை 2025 மே மாதத்தில் நீங்கிவிட்டபடியால், ரசிகர்களின் கூச்சல் முழுவதும் அவரைப் பற்றியே இருக்கும். அவருக்காக வாதிப்போர் வாதிக்கட்டும். ஆனால் தண்டனை பெற்றவருக்கு மன்னிப்புண்டா என்று கேட்பதற்கு முன், குற்றமே செய்யாதவர் ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஏன் தண்டிக்கப்படுகிறாரென்று கேட்பது முறையாகும். அமெரிக்க ரசிகர்கள் தார் பூசிய மட்டைக்காகக் காட்டிய நியாய உணர்ச்சியில் ஒரு பாதியை இவ்விஷயத்தில் காட்டுவார்களாக. கமிட்டியின் 16 பேரும் கர்ட் பிளட்டின் பெயரை முதலில் எடுத்து, ஆமென்றாலும் இல்லையென்றாலும், தத்தம் கையெழுத்தோடு காரணத்தையும் உலகமறியச் சொல்லட்டும்.