மாட்டுக்கு வேலி, கல்லுக்கு வழி

தருமபுரி ஜில்லாவை வறண்ட ஜில்லா என்று சொல்லுவது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. மந்திரிகள் சொல்லுகிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போன பிள்ளைகளும் பொங்கலுக்கு ஊர் திரும்பும்போது அதையேதான் சொல்லுகிறார்கள். எனக்கு இந்தச் சொல் பிடிப்பதில்லை. வறட்சி என்று சொல்லிவிட்டால் பழியெல்லாம் வானத்தின்மேல் போய்விடுகிறது. மனிதன் செய்த காரியத்துக்கு மழையைக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

இந்த ஜில்லாவுக்குப் பரம்பரைச் சொத்து இரண்டு உண்டு. ஒன்று கல், மற்றொன்று மாடு. கல் பூமிக்குள் கிடக்கிறது. வெட்டினால் தீரும், மறுபடி முளைக்காது. மாடு காட்டில் மேய்ந்து, கன்று ஈன்று, பெருகுகிறது. இரண்டில் எதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் சரியாகச் சொல்லிவிடுவான். ஆனால் 2022-ஆம் வருஷத்தில் சட்டமும் சர்க்காருமாகச் சேர்ந்து சொன்ன பதில் அதற்கு நேர் விரோதமாக இருந்தது. இதைப்பற்றி எழுதவேண்டுமென்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். சென்ற பங்குனியில் ஒரு நாள் முழுவதும் அந்தப் பிரதேசத்தில் காரில் சுற்றிவிட்டு வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்தேன். ஒரு கையில் வில்லோ வாளோ பிடித்த வீரன். சில கற்களில் அவன் பக்கத்தில் மாடுகள். எதிரி கவர்ந்துபோன மாட்டு மந்தையை மீட்கப் போய் உயிரை விட்டவனுக்கு ஊரார் எடுத்த கல் அது. மந்தைக்குத் 'தொறு' என்று பெயர். தொறு மீட்டுப் பட்டான் என்று கல்லிலே வெட்டிவைத்தார்கள். பல்லவ ராஜாக்கள் காலத்திலிருந்து இந்தச் சீமையிலும் பக்கத்துச் செங்கம் சீமையிலும் இப்படிக் கற்கள் கிடைத்திருக்கின்றன. பெரிய யுத்தத்தில் செத்தவனுக்கு மட்டுமல்ல, நாலு மாட்டுக்காகச் செத்தவனுக்கும் கல் எடுத்த ஜனங்கள் இவர்கள். மாடு போனால் ஊர் போயிற்று என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அங்கிருந்து வெளியே வந்து காரிமங்கலம் போகும் பெரிய சாலையில் ஏறினால், லாரிகளில் கல் போகிறது. வீட்டு அறை அளவுக்குச் சதுரம் சதுரமாக அறுத்த பாறைகள், லாரிக்கு ஒன்று இரண்டுதான் ஏற்ற முடிகிறது. கிரானைட் என்று பொதுவாகச் சொல்லுகிறோம். வியாபாரிகள் கருப்பு கிரானைட் என்று விற்பதில் பெரும்பகுதி உண்மையில் டோலரைட் என்ற வேறு ஜாதிக் கல். பூமியின் பிளவுகளில் குழம்பாக ஏறி உறைந்தது. இங்கே கிடைப்பதன் வயது இருநூறு கோடி வருஷத்துக்கும் மேல். தென்னாட்டுக் கருங்கல்லுக்கு ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் நல்ல கிராக்கி. அங்கே கல்லறைகளுக்கு உபயோகிக்கிறார்கள். நம் நடுகல்லை மியூசியத்தில் வைத்துவிட்டு, அடுத்தவன் நடுகல்லுக்குக் கல் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்!

காரிமங்கலத்துப் பக்கம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆலம்பாடி மாட்டின ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆலம்பாடி என்பது காவிரிக் கரை ஊரின் பெயர். அந்த மாடு கருஞ்சாம்பல் நிறம், முன் துருத்திய நெற்றி, பின்னோக்கி வளைந்த கொம்பு. பால் கறந்து பணக்காரன் ஆக உதவாது. ஏர் இழுக்கும், வண்டி இழுக்கும், காய்ந்த புல்லைத் தின்று மலையேறி இறங்கும். காடு இருந்ததால் உண்டான மாடு அது. தொழுவத்தில் கட்டித் தீவனம் போட்டு வளர்க்க அதற்கு எந்த அவசியமும் இல்லை. அதைவிட அதிகம் கறக்கிற சீமை மாடு இருக்கிறது. மாடு அருகிப்போகிறது என்று சர்க்கார் கவலைப்பட்டு, பணம் ஒதுக்கி, கட்டடம் கட்டி, விஞ்ஞானிகளை உட்கார வைத்தது. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் மாட்டுக்கு ஆராய்ச்சி மையமும், மாடு மேய்ந்த இடத்துக்குப் பூட்டும் போட்டால், அதற்குப் பெயர் பாதுகாப்பா? மீனைக் காப்பாற்றக் குளத்தை மூடியவன் கதைதான்.

பாலக்கோடு தாண்டி, தக்காளித் தோட்டங்களுக்கு அப்புறம் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே ஜல்லி உடைக்கிற கிரஷர் ஓடிக்கொண்டிருந்தது. மாமரம் பூவெடுக்கும் காலம். இலையும் பூவும் வெள்ளை வெளேரென்று இருந்தன. முதலில் ஏதோ நோய் என்று நினைத்தேன். கல்தூசி! டீக்கடையில் தம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கடைக்காரர், "நீங்க ஒரு நாளைக்கு வரீங்க, கண்ணைத் துடைச்சுக்கறீங்க. நாங்க இதையேதான் சாப்பிடறோம்" என்றார். கல்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோஸிஸ் என்ற தீராத வியாதி வரும் என்பது வைத்தியர்களுக்கு நூறு வருஷமாகத் தெரிந்த சங்கதி. தெரிந்து என்ன பிரயோஜனம்? கொஞ்ச தூரத்தில் கைவிட்ட குவாரி ஒன்று; பனைமரம் முழுகும் ஆழம், அடியில் பச்சைத் தண்ணீர், கரையில் வேலி கிடையாது. மாடு காட்டில் நுழையக்கூடாது என்று வேலி போடத் தெரிந்தவர்களுக்குக் குழந்தை குழியில் விழக்கூடாது என்று வேலி போடத் தெரியவில்லை.

சுப்பிரமணிய சிவா கண் மூடிய பாப்பாரப்பட்டியில் அதிக நேரம் நிற்கவில்லை. பென்னாகரத்தைக் கடந்து ஒகேனக்கல் சாலையில் காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். சாலையோரத்துப் புழுதியில் பத்துப் பதினோரு மாடுகளை ஓட்டிக்கொண்டு நின்றார். காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏன் ரோட்டில் மேய்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"உள்ள போனா கேசு எழுதறாங்க சாமி. ரோட்டுல நின்னா லாரிக்காரன் திட்டறான். அறுவது மாட்டுப் பட்டி எங்களுது. எங்கப்பன் காலத்துல பணம் கட்டி மேச்ச சீட்டு இன்னும் வூட்டுல கெடக்குது."

"அந்தச் சீட்டை எடுத்துக் காட்டலாமே?"

"யாருகிட்ட காட்டறது?" என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பதில் சொல்லவேண்டியவர்கள் இருக்கிறார்கள். விஷயத்தை வரிசையாக வைக்கிறேன்.

2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்தது. பலத்த எதிர்ப்பு வரவே, சில நாட்களில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கிக்கொண்டது. சரி, இடம் குறைந்தது என்று மேய்ப்பவன் மூச்சுவிட்டானோ இல்லையோ, அந்த நவம்பரிலேயே கிருஷ்ணகிரி, தருமபுரி ஜில்லாக்களின் காப்புக்காடுகளில் சுமார் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று சர்க்கார் அறிவித்தது. 2014-இல் அறிவித்த காவிரி வடக்குச் சரணாலயம் ஒரு 504 சதுர கிலோமீட்டர் முன்னமே இருக்கிறது. சரணாலயத்துக்குள் வராத காப்புக்காடு மட்டும் என்ன? 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டப்படி அனுமதியில்லாமல் மாடு நுழைந்தால் அங்கேயும் குற்றம்தான்.

இனி, கல்லுக்கு என்ன செய்தார்கள் பாருங்கள். 2021 நவம்பரில், சரணாலயம், யானை வழித்தடம், காப்புக்காடு இவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது, கிரஷர் கூடாது என்று ஒரு நல்ல விதி செய்தார்கள். பதின்மூன்று மாதம் ஆயிற்று. 2022 டிசம்பரில் அந்தப் பட்டியலிலிருந்து 'காப்புக்காடு' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள்! குவாரிகள் நின்றுபோகின்றன, வருமானம் போகிறது, வேலை போகிறது என்பது சொன்ன காரணம். நவம்பரில் சரணாலயம், டிசம்பரில் இது. மாட்டுக்காரனுக்கும் வருமானம் போயிற்றே, வேலை போயிற்றே, அவனுக்காக எந்தப் பட்டியலில் எந்தச் சொல்லை எடுத்தார்கள்?

யானை, மான் பேரில் அன்புள்ள நண்பர்கள் என்மேல் கோபிப்பார்கள். நாட்டு மாட்டினால் கோமாரியும் அடைப்பானும் காட்டு மிருகத்துக்குப் பரவும், யானைக்குரிய தீனியை மாடு தின்றுவிடும், பட்டி போடுகிற சாக்கில் மரம் வெட்டுவார்கள் என்பது அவர்கள் கட்சி. இதில் உண்மை இல்லாமல் இல்லை. மந்தை அளவுக்கு மீறினால் காடு மொட்டையாகும். அதை மேய்ப்பவர்களே ஒப்புக்கொள்ளுவார்கள். அதற்கு மருந்து இத்தனை மாடு, இன்ன மாதம், தடுப்பூசி போட்ட அடையாளம் என்று ஒழுங்கு செய்வது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டமே சரணாலயத்துக்குள் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவோ கட்டுப்படுத்தவோ தடுக்கவோ அதிகாரிக்கு இடம் கொடுக்கிறது. மூன்றில் முதல் இரண்டைத் தொடாமல் மூன்றாவதற்குத் தாவுவானேன்? வெடி வைக்கிற சத்தத்துக்கு யானை பயப்படாது, புழுக்கை போடுகிற ஆட்டுக்கும் சாணி போடுகிற மாட்டுக்கும்தான் பயப்படும் என்பது எந்தச் சாஸ்திரம்?

வீடு கட்டக் கல் வேண்டாமா என்பார்கள் இன்னொரு சாரார். வேண்டும். நானும் கல் கட்டடத்தில்தான் குடியிருக்கிறேன். ஜல்லியும் எம் சாண்டும் இல்லாமல் இன்றைக்குக் குடிசைகூட எழும்பாது. காட்டின் வாசலிலேயே உடைக்கவேண்டும் என்ன? 1977-இல் இதே தமிழ்நாட்டு சர்க்கார் கருப்புக் கல்லைத் தனியாருக்குக் குத்தகை விடுவதில்லை என்று துணிந்து விதி செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1981-இல் ஹிந்த் ஸ்டோன் வழக்கின் தீர்ப்பில், ஆறும் காடும் கனிமமும் நாட்டின் செல்வம், ஒரே தலைமுறை தின்று தீர்க்கிற சொத்தல்ல என்று நீதிபதிகள் எழுதினார்கள். அன்று சர்க்கார் ஜெயித்த வழக்கு அது. தான் ஜெயித்த தீர்ப்பை ஒருமுறை எடுத்துப் படிக்கும்படி சர்க்காரை நான் வேண்டிக்கொள்ளுகிறேன்.

அந்தப் பெரியவரின் சீட்டுக்கு வருகிறேன். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை ஓர் உரிமையாகவே ஒப்புக்கொள்ளுகிறது; நிலையாக இருந்து மேய்ப்பவனுக்கும் ஊர் ஊராகப் போய் மேய்ப்பவனுக்கும் சேர்த்து. பழங்குடி அல்லாதவன் மூன்று தலைமுறை, அதாவது எழுபத்தைந்து வருஷம், அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததற்குச் சாட்சி காட்டவேண்டும் என்று ஒரு நிபந்தனை. எழுதப் படிக்கத் தெரியாத மேய்ப்பனிடம் என்ன சாட்சி இருக்கும்? இலாகா தன் கையாலேயே பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறது. கொடுத்தவர்களிடம் அதன் கணக்குப் புத்தகமும் இருந்திருக்க வேண்டும். தாசில்தாரும் வனச்சரகரும் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் கிராமசபையைக் கூட்டி, அந்தப் பழைய சீட்டுகளை வாங்கிப் பார்த்து, இன்னாருக்கு இத்தனை மாடு, இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம் வரை என்று எழுதிக்கொடுக்க எத்தனை நாள் பிடிக்கும்? குவாரிக்காரருக்கு ஒரு சொல்லை எடுக்கப் பதின்மூன்று மாதம் போதுமாக இருந்தது.